விதியும் உரையும்

உலகில் விதியில்லாத தொழில் ஒன்றுமில்லை. கடலிற் செல்லும் படகிற்கும், கரையில் நிற்கும் ஆலைக்கும், ஆலையிற் கணக்கெழுதும் எழுத்தர்க்கும் அவரவர்க்குரிய விதிகள் உண்டு. விதியை இயற்றுதல் எளிது. இயற்றிய விதி நாள்தோறும் நடக்கின்றதா என்று காண்டலே அரிது. ஏட்டில் உறங்கும் விதிக்கும் தொழிலில் விழித்திருக்கும் விதிக்கும் இடையேயுள்ள தொலைவு பெரிது. அத்தொலைவைக் குறைத்தற்பொருட்டு மென்பொருள் நிறுவனங்களில் இக்காலத்துத் தோன்றியுள்ள ஒரு முறையைக் குறித்து நம் கருத்தைச் சொல்லப் புகுகின்றோம்.

அரசாங்கத்தின் சட்டங்களும் நிறுவனத்தின் கட்டளைகளும் தாளில் எழுதப்படுவதோடு நில்லாமல், கணினியே படித்து நிறைவேற்றத்தக்க நிரலாகவும் இன்று எழுதப்படுகின்றன. தொழில் செய்வோர் இதனைப் 'பாலிசி ஆஸ் கோட்' என்பர். இக்கட்டுரையில் இதனை விதிநிரல் என்று வழங்குவோம். விதிநிரல் நல்லதோ தீயதோ என்று வினவுவார்க்கு, நல்லதே என்பது நம் விடை. ஆயினும் அந்நிரலின் பக்கத்தே, அதன் பொருளை மக்கள் பேசும் மொழியில் விளக்கும் உரை இல்லாவிடின், அந்நன்மை நெடுநாள் நில்லாது என்பதே நாம் வற்புறுத்த விரும்புவது.

கணினியைப் பற்றிய பேச்சுக்கு மலரின் தமிழ்ப் பகுதியில் இடமேது என்று சிலர் கேட்கக்கூடும். அவர்க்கு இரண்டு விடைகள் உண்டு. விம்கோ நகரிலும் திருவொற்றியூரிலும் காலையில் மெட்ரோ இரயிலேறி, நகரின் தெற்கேயுள்ள மென்பொருள் அலுவலகங்களுக்குச் செல்லும் இளைஞருள் நம் கல்லூரியின் பழைய மாணவரும் உளர். நாளை நம்முட் பலரும் அவ்வழியே செல்வோம். ஆதலின் இது நம் பிழைப்பைப் பற்றிய பேச்சு. இனி, விதியைச் சுருங்க எழுதுதல், அதற்கு விலக்குக் கூறுதல், அதனை உரையால் விளக்குதல் என்னும் மூன்றும் இலக்கணம் பயில்வோர்க்குப் புதியவை அல்ல. ஆதலின் இது நம் படிப்பைப் பற்றிய பேச்சும் ஆகும்.

முதற்கண் பழைய வழக்கத்தைக் காண்போம். ஒரு வங்கிக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் குழுவை எடுத்துக்கொள்க. வாடிக்கையாளரின் விவரங்களைப் பிறர் படிக்க இயலாதவாறு மறைத்து வைத்தல் வேண்டும். இன்னாரே அவற்றைக் காணலாம். யார் எப்பொழுது கண்டார் என்பதைப் பதிந்து வைத்தல் வேண்டும் என்றிவ்வாறு பல விதிகள் அக்குழுவுக்கு உண்டு. ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ தணிக்கையாளர் வருவர். அவர் வருமுன் குழுவினர் தம் வேலையை நிறுத்தி எக்ஸெல் தாள்களை நிரப்புவர். கணினித் திரையைப் படம்பிடித்துச் சான்றாகச் சேர்ப்பர். மேலாளரிடம் ஒப்பம் பெறுவர். தணிக்கையாளர் அவற்றைப் பார்த்து, விதிகள் நடைபெறுகின்றன என்று அறிக்கை எழுதிச் செல்வர். ஆனால் அவர் கண்டது அன்றைய நிலையே. மறுநாள் அவசரத்தில் ஒருவர் ஒரு கதவைத் திறந்து வைத்துவிடின், அடுத்த தணிக்கை வரையில் அது திறந்தே கிடப்பினும் கேட்பார் இல்லை. விருந்தினர் வரும் நாளில் மட்டும் வீட்டைப் பெருக்குவது போன்றது இம்முறை.

இக்காலத்தில் கணினிகளை அமைக்கும் வேலையும் பெரும்பாலும் எழுத்தாகவே நடைபெறுகின்றது. எத்தனை கணினிகள் வேண்டும், எவ்வூரிலுள்ள நிலையத்தில் வேண்டும், எந்த வழி திறந்திருத்தல் வேண்டும், எது மூடியிருத்தல் வேண்டும் என்பனவற்றைக் கோப்பில் எழுதிக் கொடுத்தால், அவ்வெழுத்தின்படியே அவை அமைந்துவிடும். அக்கோப்புகளில் நிகழும் மாற்றங்களைக் 'கிட்' என்னும் கருவி பதிந்து வைக்கும். 2005-ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் இயற்றிய இக்கருவியால், எந்த வரி யார் பெயரால் எந்நாளில் மாறிற்று என்பதைப் பின்னர் வருவோரும் அறியலாம். அமைப்பே எழுத்தாகிவிட்ட பின்னர், அவ்வெழுத்தை விதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையையும் கணினியிடமே விடலாமன்றோ? இவ்வெண்ணத்திற் பிறந்ததே விதிநிரல்.

இதற்கெனக் கருவிகள் பல உள. அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று 'ஓப்பன் பாலிசி ஏஜென்ட்' என்பது. 2016-இல் தொடங்கப்பெற்ற இக்கருவி எவரும் விலையின்றி எடுத்தாளத்தக்கது. இதற்கு 'ரீகோ' என்னும் தனிமொழியில் விதிகளை எழுதிக் கொடுப்பர். ஒருவர் ஒரு மாற்றத்தைச் செய்ய முற்பட்டவுடன், அம்மாற்றத்தின் விவரங்கள் இக்கருவியின்முன் வைக்கப்படும். கருவி அவற்றை விதிகளோடு பொருத்தி, ஏற்கலாம் அல்லது ஏற்கலாகாது என்று விடை கூறும். வழக்குரைப்பார் வேறு, தீர்ப்புரைப்பார் வேறு என்னும் நியாயமன்ற முறையை ஒத்தது இது. வெளிப்படையாக ஏற்கப்படாத யாவும் மறுக்கப்படும் என்று தொடக்கத்திலேயே எழுதிவைத்தலும் இதன்கண் இயலும்.

ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும். இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரல் 6-ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்தது. பணம் செலுத்தும் முறைகளை நடத்துவோர், அப்பணப் போக்குவரத்தைப் பற்றிய தரவு முழுவதையும் இந்தியாவிலேயே சேமித்தல் வேண்டும் என்பது அதன் சாரம். ஆறு திங்கள் தவணையும் கொடுக்கப்பட்டது. இதனைப் பின்பற்றவில்லை என்று கூறி, 2021-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டைனர்ஸ் கிளப், மாஸ்டர்கார்டு ஆகிய நிறுவனங்கள் இந்நாட்டிற் புதிய வாடிக்கையாளரைச் சேர்த்தலை ரிசர்வ் வங்கி தடுத்தது; அவை இணங்கியபின் தடை நீங்கிற்று. உலகப் பெருநிறுவனங்களையும் நிறுத்திய ஆணை இது.

இவ்வாணையை நிரலாக எழுதுதல் எங்ஙனம்? பணத் தரவு என்று குறியிடப்பட்ட சேமிப்பிடம் இந்தியாவிலுள்ள நிலையங்களன்றிப் பிற இடத்தில் அமையுமாயின் மறுக்க என்னும் பொருள்பட, சில வரிகளில் எழுதிவிடலாம். பின்னர் நள்ளிரவில் வேலை செய்யும் பொறியாளர் ஒருவர், மறதியால் மும்பை என்னுமிடத்துச் சிங்கப்பூர் என்று எழுதினும், அம்மாற்றம் அப்பொழுதே நிற்கும். ஏன் நின்றது என்னும் செய்தியும் அவர்க்கு வரும். இவ்வாறே, கணினி நிகழ்ச்சிப் பதிவுகளை 180 நாள் வைத்திருத்தல் வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28-ஆம் நாள் நடுவணரசின் 'சர்ட்-இன்' அமைப்பு இட்ட கட்டளையையும் ஒரு விதியாக எழுதலாம்; 179 என்று எழுதினும் கருவி ஏற்காது.

இம்முறையால் விளையும் நன்மைகள் தெளிவானவை. பிழை நிகழ்ந்து ஆண்டு கழிந்தபின் அறியப்படாமல், நிகழுமுன்னரே தடுக்கப்படுகின்றது. மேலாளர் செய்யினும் புதிதாய்ச் சேர்ந்த இளைஞர் செய்யினும் விதி ஒன்றே. முகம் பார்த்தல் இல்லை. விதி எப்பொழுது மாறிற்று, யாரால் மாறிற்று என்பது மறையாமல் நிற்கின்றது. வடசென்னையினின்று முதன்முறையாக இத்தகைய அலுவலகத்திற் புகும் ஓர் இளைஞர்க்கு இவற்றுள் இரண்டாவது பெருந்துணையாம். அங்குள்ள எழுதாத வழக்கங்கள் அவர்க்குத் தெரியா. எழுதிய விதியோ எல்லார்க்கும் பொது.

விதியை இவ்வாறு ஐயமற எழுதி எல்லாரும் காண வைத்தல் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகளை நம் மாணவர் அறிவர். ஊர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலையால் ஆள் தெரிந்தெடுத்தற்குரிய விதிகள் அவற்றுள் உள்ளன. முன்னதில் வயது எல்லை முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்றிருந்தது; பின்னதில் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்றாயிற்று. கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், தன் மனையில் எடுத்த வீடும் வேண்டும். முன் பணிபுரிந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் ஆகார். இவ்விதிகள் ஒவ்வொன்றும் ஆம் என்றோ அன்று என்றோ விடை கூறத்தக்கவை, ஊகத்துக்கு இடமில்லை. மேலும், திருத்தம் வந்தபோது பழையதைச் சிதைத்து அழிக்கவில்லை. இரண்டும் இன்றும் அச்சுவரில் நிற்கின்றன. கிட் என்னும் கருவி செய்யும் வேலையைக் கல் செய்தது.

ஆயினும் அக்கல்வெட்டு மற்றொரு பாடத்தையும் கற்பிக்கின்றது. நிலமில்லாதவர்க்கும் பெண்டிர்க்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. விதி தெளிவாயிருத்தல் வேறு, நேர்மையாயிருத்தல் வேறு. தெளிவான விதி தன்கண் உள்ள நேர்மையையும் நேர்மையின்மையையும் ஒருங்கே திறம்பட நடத்தும். விதிநிரலைப் புகழ்வார் இதனை மறத்தலாகாது. எழுதுமுன் யாரைக் கேட்டு எழுதினோம் என்னும் வினா, எழுதிய திறமையால் மறைந்துவிடாது.

இனி இலக்கணத்துக்கு வருவோம். திருவொற்றியூர்த் திருக்கோயிலிற் பாணினியின் வடமொழி இலக்கணத்தைக் கற்பித்தற்கென வியாகரணதான மண்டபம் ஒன்று சோழர் காலத்தில் இருந்தது. ஏறத்தாழ நாலாயிரம் சூத்திரங்களால் ஒரு மொழி முழுவதையும் கட்டிய நூல் அது. கணினி மொழிகளின் இலக்கணத்தை எழுதுதற்கு ஜான் பாக்கஸ் 1959-இல் வகுத்த குறியீட்டு முறைக்குப் பாணினியின் பெயரையும் சேர்த்தல் வேண்டும் என்று 1967-இல் ஓர் அறிஞர் கணினியியல் இதழொன்றில் எழுதினார். இன்று தொழிற்சாலைகளுக்குப் பெயர்பெற்ற ஓர் ஊரில், விதிகளைச் சங்கிலிபோற் கோத்து ஆராயும் கல்வி பல நூற்றாண்டுகளின் முன்னரே நடைபெற்றது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

தமிழிலும் தொல்காப்பியம் ஏறத்தாழ 1,600 நூற்பாக்களை உடையது. பொதுவிதி கூறி, அதன் பின் சிறப்புவிதி கூறி, அடங்காதவற்றைப் புறனடையால் தழுவிக்கொள்ளுதல் நம் இலக்கண நூலார் வழக்கு. விதிநிரல் எழுதுவோரும் இதனையே செய்கின்றனர். ஆனால் நம் முன்னோர் நூற்பாவோடு நின்றுவிடவில்லை. இளம்பூரணர் முதலியோர் உரை எழுதினர். உரையில்லாத நூற்பா எத்தனை செறிவுடையதாயினும் கற்பார்க்குப் பூட்டிய பெட்டியே என்பதை அவர் அறிந்திருந்தனர். நன்னூலார் காண்டிகையுரைக்குக் கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை என்னும் உறுப்புகளைச் சொல்வர். நூற்பாவின் உட்கருத்து இன்னது, சொற்களின் பொருள் இன்னது, எடுத்துக்காட்டு இது, இங்கே எழும் ஐயம் இது, அதற்கு விடை இது. விதிநிரலுக்கு இன்று குறைவாயிருப்பது இவ்வைந்துமே.

உரை ஏன் வேண்டும்? நிரல் தான் சொல்லியதையே செய்யும். சொல்லக் கருதியதைச் செய்யாது. இதனால் விளையக்கூடிய தீங்குகள் மூன்று.

முதலாவது, எழுதாததைக் கருவி காணாது. அமெரிக்காவிலுள்ள கேப்பிடல் ஒன் என்னும் வங்கி இத்துறையில் முன்னின்றது. 'கிளவுட் கஸ்டோடியன்' என்னும் விதிநிரற் கருவி அவ்வங்கியிலேயே பிறந்து, 2016-இல் உலகுக்குத் திறந்து கொடுக்கப்பட்டது. அவ்வங்கியிலேதான் 2019 மார்ச்சில், பிழைபட அமைந்த ஒரு காப்புச் சுவரின் வழியே அயலார் ஒருவர் புகுந்து, அமெரிக்காவில் ஏறத்தாழ 10 கோடிப் பேர், கனடாவில் ஏறத்தாழ 60 இலட்சம் பேர் ஆகியோரின் விவரங்களைக் கவர்ந்தார். 2020-இல் அவ்வங்கிக்கு 8 கோடி டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. கருவி சிறந்ததாயினும், எந்த வழியைக் காக்கவேண்டும் என்று எண்ணிப் பார்க்கும் வேலை மனிதர்க்கே உரியது.

வடசென்னையார் இதனை அமெரிக்கா சென்று கற்கவேண்டுவதில்லை. மிகுதியாக மாசுபடுத்தும் 17 வகைத் தொழிற்சாலைகள் தம் புகையையும் கழிவுநீரையும் இடைவிடாது அளக்கும் கருவிகளைப் பொருத்தி, அளவுகளை உடனுக்குடன் வாரியத்துக்கு அனுப்புதல் வேண்டும் என்று நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-இற் பணித்தது. நல்ல விதியே. ஆயினும் 2023 டிசம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவில் எண்ணூரை அடுத்த பெரியகுப்பத்தருகே அம்மோனியா கசிந்தது கடலடியிற் கிடந்த குழாயிலிருந்து. மக்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினர். பலர் மருத்துவமனை சேர்ந்தனர். புகைபோக்கியில் வைத்த கருவி புகைபோக்கியையே அறியும். கடலடிக் குழாயை அறியாது. கருவியின் திரையில் எல்லாம் ஒழுங்காய்த் தோன்றும் வேளையில் ஊர் மூச்சுத் திணறக்கூடும். ஆதலின் ஒவ்வொரு விதியின் உரையிலும், இது எதனைக் காக்கும் என்பதோடு எதனைக் காவாது என்பதும் எழுதப்படல் வேண்டும்.

இரண்டாவது, சோதனைக்கென்றே நடக்கும் ஒழுக்கம். திருவொற்றியூரில் இதற்கொரு பழங்கதை உண்டு. சேக்கிழார் பெரியபுராணத்தில் அதனை விரித்துரைப்பர். சங்கிலியாரை மணக்க விரும்பிய சுந்தரர், அவரைப் பிரியேன் என்று சூளுரைக்க நேர்ந்தது. சந்நிதியிற் சூளுரைத்தால் அதினின்றும் நழுவ இயலாதென்று எண்ணி, அவ்வேளையில் இறைவன் சந்நிதியை நீங்கி மகிழ மரத்தடியில் இருத்தல் வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். இறைவனோ இதற்கு இசைந்து, சங்கிலியாரிடம் அம்மரத்தடியிலேயே சூள் கேட்குமாறு உணர்த்தினான். வேறு வழியின்றிச் சுந்தரர் அங்கே சூளுரைத்தார். பின்னர் அதனைப் பிழைத்து ஊரெல்லையைக் கடந்தபோது கண்ணொளி இழந்தார்.

இக்கதையின் மறுபிறப்பை இந்நூற்றாண்டிற் கண்டோம். வோல்க்ஸ்வாகன் நிறுவனம் தன் டீசல் வண்டிகளில் ஒரு நிரலை வைத்திருந்தது. தன்னைச் சோதிக்கின்றனர் என்று அறிந்தபோது அந்நிரல் புகையைக் குறைக்கும். சாலையில் ஓடும்போது பெருக்கும். உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வண்டிகளில் இது இருந்தது. சோதனைச்சாலையில் வைத்துப் பார்த்தோர்க்கு எல்லாம் சட்டப்படியே தோன்றிற்று. மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தார் வண்டியைச் சாலையில் ஓட்டி அளந்து, 2014-இல் வெளியிட்ட முடிவே பொய்யை வெளிக்கொணர வழியாயிற்று. 2015 செப்டம்பரில் அமெரிக்க அரசு அதனை உலகறியச் செய்தது. சந்நிதியிற் கேளாது மகிழடியிற் கேட்டது போலவே, எதிர்பார்த்த இடத்தை விட்டு எதிர்பாராத இடத்திற் சோதித்ததனால் உண்மை வெளிப்பட்டது. விதியை எழுதுவோரும் சோதிப்போரும் ஒருவராகவே இருப்பின் இவ்வாறு சோதித்தல் நிகழாது. மென்பொருட் குழுவிலும், சோதனையிற் பச்சை விளக்கு எரிய வேண்டுமென்பதற்காகவே எழுதப்படும் வரிகள் பிறக்கக்கூடும். உரையிற் கருத்து எழுதப்பட்டிருப்பின், வரி அக்கருத்தை நிறைவேற்றுகின்றதா அன்றிச் சோதனையை மட்டும் கடக்கின்றதா என்று பிறர் கேட்க இயலும்.

மூன்றாவது, நிரலுக்குள் அடங்காத சொற்கள். 2023-ஆம் ஆண்டின் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவை வைத்திருப்போர் தகுந்த பாதுகாப்புகளைச் செய்தல் வேண்டும் என்று கூறி, தவறுவார்க்கு 250 கோடி ரூபாய் வரையில் தண்டம் வகுத்துள்ளது. தகுந்த என்பது எவ்வளவு? 2025 நவம்பரில் வெளியான விதிகள் குறைந்த அளவாகச் சிலவற்றை எடுத்துரைத்தனவாயினும், அச்சொல்லின் முழுப்பொருளை எக்கருவியும் அளக்கமாட்டாது. அவ்வாறே இணையத் தாக்குதலைக் கண்ட 6 மணி நேரத்துள் அறிவித்தல் வேண்டும் என்னும் சர்ட்-இன் கட்டளையில், மணியை எண்ணுதல் கருவியின் வேலை. நிகழ்ந்தது தாக்குதல்தானா என்று துணிதல் மனிதரின் வேலை. எண்ணத்தக்கதை எண்ணிவிட்டு, எண்ணத்தகாததையும் எண்ணிவிட்டதாக நினைத்தலே பெரும்பிழை. இவ்விதியின் இப்பகுதியை மனிதரே பார்த்தல் வேண்டும் என்று உரை சொல்லுமாயின் அப்பிழை நேராது.

நம் கருத்தை மறுப்பாரும் உளர். அலுவலகத்தில் உள்ளோர் யாவரும் ஆங்கிலமும் நிரலும் அறிந்தவரே. உரை வீண்சுமை என்பர் சிலர். நிரலை எழுதியவர்க்கு அது தெளிவே. ஆனால் விதிக்குக் கட்டுப்படுவோர் அவர் மட்டும் அல்லர். வாடிக்கையாளர்க்கு விடை சொல்பவர், சட்டம் அறிந்தவர், தணிக்கையாளர், நேற்றுச் சேர்ந்தவர் ஆகிய யாவரும் அதற்கு உட்பட்டவரே. அலுவலகத்திற்கு வெளியிலும் இத்தகைய விதிகள் மக்களைத் தொடுகின்றன. நியாய விலைக் கடையில் விரற்குறி வைத்து அரிசி வாங்கும் மூதாட்டியாரின் தேய்ந்த விரலைக் கருவி ஏற்கவில்லையாயின், ஏற்காமையும் ஒரு விதிநிரலின் தீர்ப்பே. அந்நேரத்தில் அதற்குப் புறனடை உண்டா, யாரிடம் கேட்பது என்பது அவர்க்கும் கடைக்காரர்க்கும் தமிழில் தெரிந்திருத்தல் வேண்டாமா? காரணம் தெரியாமல் மறுக்கப்படுதல், மறுக்கப்படுவதினும் கொடிது.

விதிகளை வெளிப்படுத்தினால் கள்வர்க்கு உதவியாகும் என்பர் வேறு சிலர். சாவி இருக்குமிடத்தைச் சொல்லுதல் வேறு. கதவைப் பூட்டவேண்டும் என்னும் விதியைச் சொல்லுதல் வேறு. முன்னது மறைக்கத்தக்கது, பின்னது சொல்லத்தக்கது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிரலையும் எழுதும், உரையையும் எழுதும்; இனி மனிதர்க்கு என்ன வேலை என்பாரும் உளர். எழுதுதல் எளிதாகும்தோறும் படித்துப் பார்த்து ஏற்பவரின் பொறுப்பு மிகும் என்பதே அவர்க்கு விடை. உரை உண்மையா என்று ஒருவர் தம் பெயரால் நின்று சொல்லுதல் வேண்டும்.

ஆதலின் மென்பொருட் குழுக்களில் உள்ள நம் பழைய மாணவர்க்கும், நாளை அங்குச் செல்லும் தோழர்க்கும் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். முதலாவது, ஒவ்வொரு விதிநிரலின் பக்கத்திலும் உரை வேண்டும். எந்தச் சட்டத்தினின்று வந்தது, ஏன் வந்தது, எடுத்துக்காட்டு யாது, எதனைக் காவாது, மறுக்கப்பட்டவர் யாரிடம் முறையிடலாம் என்னும் ஐந்தும் அதில் இருத்தல் நன்று. நிரல் மாறும்போது உரையும் மாறுதல் வேண்டும். உரையின்றி வரும் மாற்றத்தை ஏற்கலாகாது என்பதையே ஒரு விதிநிரலாக எழுதிவிடலாம். மக்களை நேரே தொடும் விதியாயின் அவ்வுரை தமிழிலும் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, விலக்கு எதுவாயினும் அதற்குப் பெயரும் முடிவு நாளும் வேண்டும். அவசரத்தில் ஒரு விதியைத் தளர்த்த வேண்டி வருதல் இயல்பு. ஆனால் இரண்டு நாளைக்கென்று திறந்த கதவு இரண்டு ஆண்டு திறந்து கிடத்தலே எங்கும் கேடு. யார் கேட்டார், யார் இசைந்தார், எந்நாளில் முடியும் என்பவை எழுதப்பட்டால், நாள் வந்தவுடன் கருவியே கதவை மூடிவிடும். உத்தரமேரூரார் வாரியத்தில் இருந்தவர்க்கு மூன்று ஆண்டு இடைவெளி வகுத்தது போல, காலவரையறையே விலக்கை விலக்காக வைத்திருக்கும்.

மூன்றாவது, விதியை எழுதுவார் ஒருவர், அதனை உடைக்க முயன்று பார்ப்பார் மற்றொருவர் ஆதல் வேண்டும். பின்னவர் சந்நிதியில் நில்லாமல் மகிழடிக்குச் செல்லும் துணிவுடையராய் இருத்தல் வேண்டும். விதிக்குப் பொருந்துவனவற்றைக் கொடுத்துப் பார்த்தல் போதாது. பொருந்தாதவற்றைக் கொடுத்து, மறுக்கின்றதா என்றும் பார்த்தல் வேண்டும்.

தமிழ் பயிலும் தோழர்க்கு இறுதியாக ஒன்று சொல்வோம். நூற்பாவும் உரையும் படிக்கும் நம்மை நோக்கி, இப்படிப்பு எத்தொழிலுக்கு உதவும் என்று வினவுவார் பலர். ஒரு சொல்லை மிகையாக இட்டாரா, ஒரு பொருளை எஞ்சவிட்டாரா, இவ்விதி அவ்விதியோடு மாறுபடுகின்றதா என்று நாள்தோறும் ஆராயும் பயிற்சி நமக்கு உண்டு. கணினி மொழியைச் சில திங்களிற் கற்கலாம். விதியை ஐயுற்று வாசிக்கும் இப்பழக்கம் எளிதில் வாராது. ஆதலின் நம்மிற் சிலரேனும் அத்தொழிலிற் புகுந்து, நிரலின் பக்கத்தே உரை எழுதும் பணியை மேற்கொள்வோமாக. நம் கடற்கரையைச் சூழ்ந்த ஆலைகளும், நம் வீட்டுப் பணத்தைக் காக்கும் கணினிகளும் எவ்விதியால் நடக்கின்றன என்பதை நம் தாய்மார் தம் மொழியிற் படித்தறியும் நாள் வருமாயின், அந்நாளே விதி தன் கடனைச் செய்த நாள் எனலாம்.